பம்பர் அப்புறம், பிரேக் முதலில்: பழைய எஸ்.யு.வி. வாசகர் கேள்வி–பதில்

ஸ்கார்பியோ, பொலேரோ, சுமோ, குவாலிஸ் என்று பத்து வயதைத் தாண்டிய வண்டி வைத்திருப்பவர்களின் கேள்விகளுக்கு மட்டும் இந்த இதழில் பதில். பெரும்பாலும் வீட்டு வாசலில் நிறுத்தி, கையில் இருக்கிற ஸ்பானர் செட்டோடு செய்யக்கூடிய வேலைகள்தான். எதை மெக்கானிக்கிடம் விட்டுவிட வேண்டும் என்பதையும் அங்கங்கே சொல்லியிருக்கிறேன், அந்த வரிகளைத் தயவுசெய்து தாண்டிப் போகாதீர்கள்.

கேள்வி: 2012 மாடல் ஸ்கார்பியோ எம்ஹாக் செகண்ட் ஹேண்டில் வாங்கியிருக்கிறேன். 1,60,000 கி.மீ. ஓடியிருக்கிறது. 50,000 ரூபாய் ஒதுக்கி வைத்திருக்கிறேன். அலாய் வீல், முன் பம்பர், எல்.இ.டி. பார் என்று நண்பர்கள் ஆளுக்கொன்று சொல்கிறார்கள். எதில் தொடங்கலாம்?
– வாசகர், பெருந்துறை

பதில்: இந்த மூன்றில் எதிலும் தொடங்காதீர்கள். வண்டி ஷோரூமை விட்டு வந்தபோது எப்படி நின்றதோ, எப்படித் திரும்பியதோ, அந்த நிலைக்கு அதை முதலில் கொண்டுவாருங்கள். பழைய எஸ்.யு.வி.க்கு அதைவிடப் பெரிய அப்கிரேடு கிடையாது, இதை நான் எத்தனை முறை வேண்டுமானாலும் சொல்வேன்.

பழைய ஓனர் எதை எப்போது மாற்றினார் என்பதற்குப் பில் இருக்கிறதா? இல்லையென்றால் எதுவுமே மாற்றவில்லை என்று வைத்துக்கொண்டு ஆரம்பியுங்கள். இன்ஜின் ஆயில், ஆயில் ஃபில்டர், டீசல் ஃபில்டர், ஏர் ஃபில்டர், கூலண்ட், பிரேக் ஆயில், கியர்பாக்ஸ் ஆயில், பின்பக்க கிரவுன் (பின் ஆக்ஸில் நடுவில் இருக்கிற டிஃபரென்ஷியல்) ஆயில். இன்ஜின் ஆயிலை ஒழுங்காக மாற்றுபவர்கள்கூடக் கடைசி இரண்டையும் மறந்துவிடுவார்கள். அந்த ஆயில் கெட்டு உள்ளே பல்சக்கரம் தேயும்போது உடனே சத்தம் வராது, சத்தம் வரும்போது பல்சக்கரம் போயிருக்கும்.

அடுத்தது ரப்பர். இன்ஜின் ஆறியிருக்கும்போது பானெட்டைத் திறந்து ரேடியேட்டர் ஹோஸ்களைக் கையால் அழுத்திப் பாருங்கள். கல் மாதிரி இறுகியிருந்தாலும் தவறு, சவசவவென்று அமுங்கினாலும் தவறு, இரண்டுக்கும் மாற்றுவதுதான் வழி. டர்போவிலிருந்து இன்டர்கூலருக்குப் போகும் ஹோஸில் விரிசல் இருந்தால் வண்டி இழுவை குறையும், கரும்புகை தள்ளும். இன்ஜெக்டர் போய்விட்டது என்று யாராவது பெரிய எஸ்டிமேட் போடுவதற்கு முன் அந்த ஹோஸையும் அதன் கிளாம்ப்பையும் நீங்களே பார்த்துவிடுங்கள். முன் சக்கரங்களுக்குப் போகும் பிரேக் ஹோஸ்களை, ஸ்டியரிங்கை முழுக்க ஒரு பக்கம் திருப்பிவைத்துப் பார்த்தால் வெடிப்பு நன்றாகத் தெரியும்.

டயரில் பட்டன் (ரோட்டில் படுகிற மேல்பகுதியின் வரிகள்) எவ்வளவு இருக்கிறது என்று மட்டும் பார்த்து ஏமாறாதீர்கள். பக்கச் சுவரில் டாட் (DOT) என்ற எழுத்துகளோடு தொடங்கும் வரியின் கடைசி நான்கு எண்களைப் பாருங்கள். 2316 என்றிருந்தால் 2016ஆம் ஆண்டின் 23வது வாரத்தில் செய்த டயர். நிறுத்தியே வைத்திருந்த வண்டியில் பட்டன் அப்படியே இருக்கும், ரப்பர் மட்டும் செத்துப்போயிருக்கும். அந்த டயரோடு மே மாதத்தில் நான்கு வழிச்சாலையில் ஏறாதீர்கள்.

மீதிப் பணத்தை சஸ்பென்ஷனில் போடுங்கள். ஷாக் அப்சார்பர், லிங்க் ராடு, கன்ட்ரோல் ஆர்ம் புஷ் (இணைப்புகளில் அதிர்வைத் தாங்கும் ரப்பர் உருளை). ஸ்கார்பியோ வளைவில் சாய்கிறது, நேர்ரோட்டில் அலைகிறது என்று குறை சொல்பவர்களில் நிறையப் பேர் தேய்ந்த புஷ்ஷோடுதான் ஓட்டிக்கொண்டிருக்கிறார்கள். புஷ் அடிப்பதற்குப் பிரஸ் வேண்டும், அதனால் இந்த வேலை ஒர்க்‌ஷாப்புக்கு. மாற்றிய பிறகு வீல் அலைன்மென்ட் செய்யாமல் வண்டியை வெளியே எடுக்காதீர்கள்.

கேள்வி: பொலேரோவில் மலை ஏறும்போது டெம்பரேச்சர் முள் மேலே போகிறது. வாரம் ஒரு முறை போர் தண்ணீர் ஊற்றிக்கொண்டே இருக்கிறேன். ரேடியேட்டரை மாற்ற வேண்டுமா?
– வாசகர், நாமக்கல்

பதில்: ரேடியேட்டரை மாற்றுவது கடைசிப் பேச்சு. முதல் வேலை, அந்த போர் தண்ணீரை நிறுத்துங்கள். நம் ஊர் போர் தண்ணீரில் இருக்கிற உப்பு, சூட்டில் காய்ந்து ரேடியேட்டர் குழாய்களின் உள்ளே படிந்துவிடும். அப்புறம் எவ்வளவு நல்ல கூலண்ட் ஊற்றினாலும் சூடு வெளியே போக வழியிருக்காது.

வாரம் ஒரு முறை ஊற்ற வேண்டியிருக்கிறது என்றால் எங்கோ ஒழுகுகிறது. வாட்டர் பம்ப்புக்குக் கீழே, ஹோஸ் கிளாம்ப் ஓரங்களில், ஹீட்டர் பைப் பக்கம் காய்ந்த கறை தெரிகிறதா பாருங்கள். வெளியில் எங்கேயும் ஒழுகல் இல்லாமல் தண்ணீர் குறைந்தாலோ, ஆயில் குச்சியில் பால் கலந்த மாதிரி நிறம் தெரிந்தாலோ, ஹெட் கேஸ்கெட் (இன்ஜின் பிளாக்குக்கும் மேல் ஹெட்டுக்கும் நடுவில் இருக்கிற அடைப்புத் தகடு) போயிருக்கலாம் என்று சந்தேகம். அதோடு வண்டியை ஓட்டவே கூடாது.

ரேடியேட்டர் மூடியையும் பாருங்கள். விலை குறைந்த சாமான்தான், ஆனால் உள்ளே அழுத்தத்தைப் பிடித்து வைத்திருப்பது அதுதான். அழுத்தம் ஏறினால் கொதிநிலையும் ஏறும். மூடியின் ரப்பர் வாஷர் தேய்ந்துவிட்டால் அழுத்தம் நிற்காது, சீக்கிரம் கொதிக்கும். இன்ஜின் சூடாக இருக்கும்போது அந்த மூடியைத் தொடாதீர்கள். துணி போட்டுத் திறக்கலாம் என்று சொல்பவர்களை நம்பாதீர்கள், உள்ளிருந்து பீறிடுகிற தண்ணீர் முகத்தையும் கையையும் வேகவைத்துவிடும்.

ஃபேன் இன்ஜினோடு சேர்ந்து சுழல்கிற வகையென்றால், இன்ஜினை அணைத்து நன்றாக ஆறிய பிறகு கையால் சுழற்றிப் பாருங்கள். கொஞ்சம் தடை கொடுத்து நின்றுவிட வேண்டும். காற்றாடியைப் போலச் சுற்றிக்கொண்டே இருந்தால் அதன் விஸ்கஸ் கப்ளிங் போய்விட்டது. ஏசி கண்டன்சருக்கும் ரேடியேட்டருக்கும் நடுவில் அடைந்திருக்கிற தூசி, பூச்சி, வைக்கோல் துகள் எல்லாவற்றையும் இன்ஜின் பக்கத்திலிருந்து முன்பக்கம் நோக்கி மெதுவாகத் தண்ணீர் அடித்து வெளியேற்றுங்கள். பிரஷர் வாஷரை ஒட்டிப்பிடித்து அடித்தால் தகடுகள் மடங்கிவிடும்.

ஒழுகலைச் சரிசெய்த பிறகு பழையதை முழுக்க வடித்து, டிஸ்டில்டு வாட்டரால் அலசி, கூலண்டும் டிஸ்டில்டு வாட்டரும் பாதிக்குப் பாதி கலந்து ஊற்றுங்கள். ஏற்கெனவே தண்ணீர் கலந்து வரும் ரெடிமிக்ஸ் வாங்கினால் அதில் தண்ணீர் கலக்கக் கூடாது. மூடியைத் திறந்தபடி இன்ஜினை ஓடவிட்டுக் காற்று முழுக்க வெளியேறிய பிறகு அளவைச் சரிசெய்து மூடுங்கள். கொல்லிமலையின் 70 கொண்டை ஊசி வளைவுகளும் உங்களுக்குப் பக்கத்தில்தானே இருக்கின்றன. அங்கே ஏறுவதற்கு முன் இதையெல்லாம் முடித்துவிடுங்கள்.

கேள்வி: ஹெட்லைட் வெளிச்சமே போதவில்லை. 100 வாட் பல்பு போடலாமா, எல்.இ.டி. போடலாமா?
– வாசகர், திண்டுக்கல்

பதில்: இரண்டும் வேண்டாம். இப்போது இருக்கிற பல்புக்குப் போய்ச் சேர வேண்டிய கரண்ட் போய்ச் சேருகிறதா என்பதுதான் கேள்வி.

பழைய வண்டிகள் பலவற்றில் ஹெட்லைட்டுக்கான மொத்த மின்சாரமும் ஸ்டியரிங் பக்கத்துச் சுவிட்ச் வழியாக, மெல்லிய ஒயரில், நீண்ட தூரம் சுற்றி வருகிறது. இன்ஜின் ஓடும்போது லைட்டைப் போட்டு, மல்டிமீட்டரை பேட்டரி முனைகளில் வைத்துப் பாருங்கள். அப்புறம் பல்பின் பின்பக்கக் கனெக்டரில் வைத்துப் பாருங்கள். ஒரு வோல்ட்டுக்கு மேல் வித்தியாசம் இருந்தால் வெளிச்சம் அங்கேதான் போகிறது. ஹாலஜன் பல்பில் வோல்டேஜ் பத்து சதவீதம் குறைந்தால் வெளிச்சம் சுமார் முப்பது சதவீதம் குறைந்துவிடும்.

ரிலே (சின்னக் கரண்டில் இயங்கிப் பெரிய கரண்டைத் திறந்துவிடும் சுவிட்ச்) வைத்த ஹெட்லைட் ஒயரிங் செட் கடைகளில் ரெடியாகவே கிடைக்கிறது. பேட்டரியிலிருந்து நேராகத் தடித்த ஒயர், நடுவில் ரிலே, பழைய கனெக்டர் ரிலேவை இயக்க மட்டும். ஒரிஜினல் ஒயரை வெட்ட வேண்டிய அவசியமே இல்லை. ஃபியூஸ் மட்டும் பேட்டரிக்குப் பக்கத்திலேயே இருக்க வேண்டும். ஒயர் எங்காவது உரசி ஷார்ட் ஆனால், ஃபியூஸுக்கு முன்னால் இருக்கிற நீளம் முழுக்கப் பாதுகாப்பில்லாத நீளம். அதோடு எர்த் ஒயர் பாடியில் சேருகிற இடத்தைச் சுரண்டி, பளபளப்பாக்கி, இறுக்கிவிடுங்கள். ஹெச்4 ஹோல்டராக இருந்தால் 60/55 வாட் நல்ல கம்பெனி பல்பே போதும். 100 வாட் பல்பு சட்டத்துக்கும் பொருந்தாது, ஹோல்டரையும் ரிஃப்ளெக்டரையும் சுட்டுக் கெடுத்துவிடும்.

கண்ணாடி மஞ்சளாகியிருந்தால் அதையும் வீட்டிலேயே சரிசெய்யலாம். அது கண்ணாடி இல்லை, பாலிகார்பனேட், வெயில் பட்டு மேல்பூச்சு போயிருக்கிறது. சுற்றியிருக்கிற பெயின்ட் மேல் டேப் ஒட்டிவிட்டு, 800 நம்பர் வாட்டர் பேப்பரில் தொடங்கி 1500, 2000 என்று தண்ணீர் தெளித்தபடியே தேயுங்கள். கடைசியில் ரப்பிங் காம்பவுண்ட். இத்தனையும் செய்துவிட்டு மேலே புற ஊதாக் கதிரைத் தடுக்கும் கிளியர் கோட் அடிக்காமல் விட்டால் சில மாதங்களில் மறுபடி மஞ்சளாகிவிடும், அதை மட்டும் விட்டுவிடாதீர்கள். டூத்பேஸ்ட் தேய்த்தால் போதும் என்கிற வீடியோக்களில் இந்தக் கடைசி வேலையைச் சொல்வதே இல்லை.

ரிஃப்ளெக்டர் வகை லைட்டில் எல்.இ.டி. பல்பைச் செருகினால் உங்களுக்கு வெள்ளையாகத் தெரியும், எதிரே டூவீலரில் வருகிறவருக்கு ரோடே தெரியாது. அந்த ரிஃப்ளெக்டர் ஹாலஜன் பல்பின் இழை இருக்கிற இடத்தைக் கணக்கிட்டுச் செய்தது. அவரும் பத்திரமாக வீட்டுக்குப் போக வேண்டும்.

கேள்வி: கிரவுன் ஆயிலை நானே மாற்றலாமா? என்னென்ன பார்க்க வேண்டும்?
– வாசகர், பொள்ளாச்சி

பதில்: தாராளமாக. பொறுமை இருந்தால் போதும். ஆனால் வண்டியைத் தூக்குவதில்தான் ஆபத்து. ஜாக்கி என்பது தூக்குவதற்கு, தாங்குவதற்கு இல்லை. ஜாக்கி மட்டும் தாங்கியிருக்கிற வண்டிக்கு அடியில் தலையை நுழைக்காதீர்கள், ஒரு நிமிட வேலையானாலும் சரி. சமமான கான்கிரீட் தரையில் நிறுத்தி, முன் சக்கரங்களுக்கு இரண்டு பக்கமும் கட்டை கொடுத்து, பின்பக்கம் இரண்டு ஆக்ஸில் ஸ்டாண்டு போட்ட பிறகுதான் அடியில் போக வேண்டும். ஹாண்ட் பிரேக் பின் சக்கரங்களைத்தான் பிடிக்கிறது, பின்பக்கத்தைத் தூக்கிவிட்டால் அதனால் பயனில்லை. ஹாலோ பிளாக் கல்லை அடுக்கி அதன்மேல் வைப்பவர்கள் இருக்கிறார்கள். அந்தக் கல் முன்னறிவிப்பு இல்லாமல் நொறுங்கும்.

சரி, ஆயில். வடிக்கிற போல்ட்டைக் கழற்றுவதற்கு முன், ஊற்றுகிற போல்ட் கழல்கிறதா என்று முதலில் பாருங்கள். பழைய ஆயிலை வடித்துவிட்டு மேல் போல்ட் துருப்பிடித்து நகரவில்லை என்றால் வண்டி அங்கேயே நிற்கும். கொஞ்சம் ஓட்டி வந்து ஆயில் இளஞ்சூடாக இருக்கும்போது வடித்தால் முழுக்க இறங்கும். போல்ட்டில் காந்தம் இருந்தால் அதில் ஒட்டியிருப்பதைப் பாருங்கள். மை போல நுண்ணிய பொடி இருப்பது வழக்கம்தான். துண்டு துண்டாக இரும்பு இருந்தால் மெக்கானிக்கைக் கூப்பிடுங்கள்.

கியர் ஆயில் டப்பாவில் தரக்குறி போட்டிருக்கும். கிரவுனுக்குப் பொதுவாக ஜிஎல் 5 (GL-5) தரம், கியர்பாக்ஸுக்குப் பல வண்டிகளில் ஜிஎல் 4. மேனுவலைப் பார்த்து வாங்குங்கள். எண் பெரியது என்பதற்காக ஜிஎல் 5 ஆயிலை கியர்பாக்ஸிலும் ஊற்றினால், அதில் இருக்கிற சேர்மானங்கள் கியர் மாறும்போது வேகத்தைச் சமப்படுத்தும் பித்தளை சின்க்ரோ வளையங்களைப் பாதிக்கலாம். ஊற்றும் துளையின் கீழ் விளிம்பு வரை ஆயில் வந்து வழியத் தொடங்கினால் அளவு சரி. வடித்த ஆயிலைச் சாக்கடையிலோ தோட்டத்திலோ கொட்டாதீர்கள், கேனில் பிடித்துப் பழைய ஆயில் வாங்குபவரிடம் கொடுங்கள்.

அடியில் போனதோடு புரொப்பல்லர் ஷாஃப்ட் (கியர்பாக்ஸிலிருந்து கிரவுனுக்குப் போகிற தண்டு) கிராஸ் மூட்டில் கிரீஸ் நிப்பிள் இருந்தால் கிரீஸ் கன் வைத்துப் பழைய கிரீஸ் வெளியே வருகிறவரை அடித்துவிடுங்கள். வண்டி எடுக்கும்போது 'டக்' என்று ஒரு அடி கேட்கிறதே, பல வண்டிகளில் அது கிராஸ் காய்ந்துபோய்த் தேய்ந்ததால் வருகிற சத்தம்.

கேள்வி: ஸ்கார்பியோவில் 235/70 ஆர்16 இருக்கிறது. 245/75 ஆர்16 போட்டால் உயரம் கூடுமா?
– வாசகர், கரூர்

பதில்: கூடும். இப்போதைய டயரின் விட்டம் சுமார் 735 மி.மீ., நீங்கள் கேட்பது சுமார் 774 மி.மீ. அதில் பாதிதான் தரையிலிருந்து உயரமாகக் கிடைக்கும், அதாவது 2 செ.மீ.கூட இல்லை. அதற்குக் கொடுக்கிற விலையைப் பாருங்கள்: டயர் சுற்றளவு 5 சதவீதத்துக்கு மேல் கூடுகிறது, ஸ்பீடோமீட்டரின் கணக்கு இப்போது இருப்பதைவிட அவ்வளவு குறைவாகக் காட்டும், கிளட்சுக்கும் பிரேக்குக்கும் பாரம் கூடும், ஸ்டியரிங்கை முழுக்கத் திருப்பினால் ஃபெண்டர் லைனரில் உரசவும் வாய்ப்பு இருக்கிறது. 245/70 ஆர்16 என்றால் வித்தியாசம் 2 சதவீதத்துக்குள் அடங்கும். எனக்கென்றால் கம்பெனி அளவிலேயே நல்ல ஆல் டெரைன் டயர் போடுவேன். ஸ்டெப்னியும் அதே அளவில் இருக்க வேண்டும் என்பதை மறந்துவிடாதீர்கள்.

கேள்வி: தோட்டத்து வீட்டில் வண்டி நிற்கிறது. எலி ஒயரைக் கடித்துவிடுகிறது. புகையிலை வைக்கலாமா?
– வாசகர், உடுமலைப்பேட்டை

பதில்: புகையிலை வாசனை சில நாளில் போய்விடும், எலியும் பழகிவிடும். வைத்தே தீருவேன் என்றால் எக்ஸாஸ்ட் மேனிஃபோல்டுக்கும் டர்போவுக்கும் எட்டாத இடத்தில் வையுங்கள், காய்ந்த இலை தீப்பிடிக்கும். ஏர் ஃபில்டருக்குக் காற்று போகிற வாயிலும் ஏசி காற்று உள்ளே இழுக்கிற இடத்திலும் நல்ல இரும்பு வலை கட்டுங்கள். வண்டிக்குப் பக்கத்தில் தீவனம், தேங்காய் மட்டை எதையும் அடுக்காதீர்கள். நிறுத்திய பிறகு பானெட்டைத் திறந்து வைக்க முடிந்தால் வையுங்கள், எலிக்கு வேண்டியது இருட்டும் கதகதப்பும். அறுந்த ஒயரை முறுக்கி டேப் சுற்றி விடாதீர்கள். சால்டர் வைத்து ஹீட் ஷ்ரிங்க் குழாய் போடுங்கள், குறிப்பாக சென்சார் ஒயர்களில்.

கேள்வி: பிரேக் ஆயில் மட்டும்தானே, டப்பாவில் குறைந்ததை ஊற்றிக்கொண்டால் போதாதா?
– வாசகர், சேலம்

பதில்: போதாது. பிரேக் ஆயில் காற்றிலிருக்கிற ஈரத்தை உறிஞ்சும். பிரேக் ஆயிலுக்கான டாட் 4 தரத்தின்படி புதிய ஆயிலின் கொதிநிலை குறைந்தது 230 டிகிரி இருக்க வேண்டும், ஈரம் ஏறிய பிறகுக்கான வரம்பு 155 டிகிரிதான். ஏற்காட்டிலிருந்து நீங்கள் பிரேக்கை மிதித்தபடியே இறங்கி வரும்போது ஆயில் கொதித்து உள்ளே ஆவி உண்டானால், பெடல் தரை வரை போகும், வண்டி நிற்காது. இரண்டு வருடத்துக்கு ஒரு முறை முழுக்க மாற்றிவிடுங்கள். டப்பாவில் அளவு குறைந்துகொண்டே வந்தால் பிரேக் பேட் தேய்ந்திருக்கலாம் அல்லது எங்கோ ஒழுகலாம், ஊற்றி நிரப்பினால் அந்த அறிகுறியே மறைந்துவிடும். முன் பேடின் தடிமனை நீங்களே பாருங்கள். பிரேக் லைனைத் திறக்கிற வேலையை, லைனுக்குள் சிக்கிய காற்றை வெளியேற்றத் தெரிந்தவர் கூட இல்லாமல் செய்யாதீர்கள்.

கேள்வி: 2004 குவாலிஸ். டைமிங் பெல்ட் எப்போது மாற்றினார்கள் என்று தெரியவில்லை.
– வாசகர், காரைக்குடி

பதில்: உடனே மாற்றுங்கள். ஓடும்போது அறுந்தால் வால்வும் பிஸ்டனும் மோதி இன்ஜின் திறக்க வேண்டி வரும். பெல்ட்டோடு டென்ஷனர் பேரிங்கையும் சேர்த்து மாற்றுங்கள். மாற்றிய தேதியையும் கிலோமீட்டரையும் எழுதி பானெட்டுக்கு அடியில் ஒட்டிவையுங்கள். இது அனுபவமுள்ள மெக்கானிக் செய்ய வேண்டிய வேலை.

கேள்வி: முன்பக்கம் இரும்புக் கம்பி பம்பர் போட்டால் போலீஸ் பிடிப்பார்களா?
– வாசகர், தஞ்சாவூர்

பதில்: பிடிக்கலாம். இத்தகைய கம்பி பம்பர்களுக்கு எதிராக நடவடிக்கை எடுக்கச் சொல்லி மத்திய சாலைப் போக்குவரத்து அமைச்சகம் 2017 டிசம்பரிலேயே மாநிலங்களுக்கு எழுதியிருக்கிறது. அபராதத்தைவிட எனக்குப் பெரிய கவலை வேறு. மோதும்போது முன்பக்கம் நசுங்கி அதிர்ச்சியை வாங்கிக்கொள்ள வேண்டும், இரும்புக் கம்பி அதை நேராகச் சேஸிஸுக்குக் கடத்துகிறது. ஏர்பேக் உள்ள வண்டியில் அது விரிய வேண்டிய நேரமும் தவறலாம். குறுக்கே நடந்து வருபவரை அடித்தால் நிலைமை இன்னும் மோசம். ஏற்கெனவே மாட்டியிருந்தால் கழற்றிவிடுங்கள்.

கேள்வி: கடலோரத்தில் இருக்கிறோம். சுமோவின் கதவு அடிப்பகுதி துருப்பிடிக்கிறது. அடுத்த வருடம் 15 வருடம் முடிகிறது, எஃப்.சி. காட்ட வேண்டும்.
– வாசகர், தூத்துக்குடி

பதில்: கதவின் அடி விளிம்பில் சின்னத் தண்ணீர்த் துளைகள் இருக்கும். மண் அடைத்திருந்தால் மழைத் தண்ணீர் உள்ளேயே தேங்கி, உள்ளிருந்து வெளியே அரித்துக்கொண்டு வரும். ஒரு பிளாஸ்டிக் குச்சியால் அவற்றைத் திறந்துவிடுங்கள். துரு இருக்கிற இடத்தைப் பளபளப்பான இரும்பு தெரிகிறவரை தேய்த்து, ரஸ்ட் கன்வெர்ட்டர், பிரைமர், பெயின்ட் என்று வரிசையாக அடியுங்கள். துருவின் மேலேயே பெயின்ட் அடித்தால் உள்ளே அரிப்பு தொடரும். ஓட்டை விழுந்திருந்தால் தகடு வெட்டி வெல்டு வைக்க வேண்டும், பட்டி போட்டு மூடாதீர்கள். கடற்கரை மணலில் ஓட்டிய அன்றே அடிப்பகுதியை நல்ல தண்ணீரால் கழுவிவிடுங்கள்.

பதிவைப் புதுப்பிக்கக் காலாவதிக்கு 60 நாட்களுக்கு முன்பிருந்தே படிவம் 25இல் விண்ணப்பிக்கலாம். புதுப்பித்தால் 5 ஆண்டு கிடைக்கும். பசுமை வரி, இன்சூரன்ஸ், புகைச் சான்று மூன்றையும் தயாராக வைத்துக்கொள்ளுங்கள். சேஸிஸ் நம்பர் பொறித்த இடத்தை இப்போதே கம்பி பிரஷ் போடாமல் துணியாலும் டீசலாலும் துடைத்துப் பாருங்கள். கடலோர வண்டிகளில் அந்த எண்ணைத் துரு தின்றிருக்கும், ஆய்வாளருக்குப் படிக்க முடியாவிட்டால் வேலை அங்கேயே நின்றுவிடும். தெளிவாகத் தெரிந்தால் துடைத்து மெல்லிய கிரீஸ் பூசிவையுங்கள், மங்கியிருந்தால் கடைசி மாதம் வரை தள்ளாமல் இப்போதே ஆர்.டி.ஓ. அலுவலகத்தில் போய்ப் பேசிவிடுங்கள்.